கட்டைவிரலால் திறந்த கதவு

ஜனவரி 5: 60
பிப்ரவரி 3: 60
மார்ச் 6: 60
ஏப்ரல் 4: 60
மே 4: 60
மே 29: 1,450

முதல் ஐந்தும் மாத நாவலின் விலை. ஆறாவது தொகை ஒரு தச்சருக்கும் ஒரு பூட்டுக்கும் போனது. ஐந்தாவது தேதிக்கும் ஆறாவது தேதிக்கும் நடுவில் ஒரு வீடு இரண்டாகிப் போனது. அந்த வீட்டின் சின்னவளைப் பற்றியது இது.

சின்னவளுக்கு வயது நாற்பத்தாறு. பல் செட் கட்டும் கூடத்தில் பத்தொன்பது வருட வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை டப்பாவில் வைத்து அங்கே அனுப்புவார்கள். அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்ப்பது ஒருவர் வேலை. அதன்மேல் மெழுகை வைத்துப் பல் பல்லாக நிறுத்துவது சின்னவளின் வேலை. கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்குவது பக்கத்து நாற்காலிக்காரியின் வேலை. ஆகவே கூடத்தில் சின்னவளுக்குப் பெயர் ‘மெழுகு’, பக்கத்து நாற்காலிக்காரிக்குப் பெயர் ‘பாலிஷ்’. முதலாளிக்கு மட்டும் முதலாளி என்றே பெயர்.

சின்னவளின் இழுப்பறையில், பல்லின் நிறம் பார்க்கும் அட்டைக்கு அடியில், எப்போதும் ஒரு மாத நாவல் இருக்கும். எல்லாம் ‘நீலத்தீ’ என்ற புனைபெயரில் ஒரு பெண் எழுதுபவை. அட்டையில் ஒரு கறுப்புக் கோட்டும் பாதி முகமும். உள்ளே ஒரு கடத்தல் கூட்டத் தலைவன். துறைமுகம் முழுக்க அவன் கைக்குள். மந்திரிகளே அவனைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அவன் ஒரு சாதாரணப் பெண்ணைப் பார்ப்பான். பார்த்த அன்றே இவள் என்னுடையவள் என்று முடிவு கட்டி, தூக்கிக்கொண்டு போய் மாளிகையில் பூட்டிவைப்பான். அவள் நூறு பக்கம் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நூற்றொன்றாம் பக்கத்தில் அவன் தோளில் சாய்வாள். ஊர் மாறும், கப்பல் மாறும், தோள் மாறாது.

“துப்பாக்கி வச்சிருக்கிறவன்கிட்ட அப்படி என்னடி இருக்கு?” என்று பாலிஷ் ஒரு நாள் கேட்டாள். “நிஜத்துல ஒருத்தன் இப்படித் தூக்கிட்டுப் போனா நீ போலீஸுக்குத்தானே போன் போடுவே?”

“போலீஸுக்குப் போனும் போடுவேன், அவனுக்குச் செருப்பாலயும் போடுவேன்.”

“அப்புறம் எதுக்கு இந்த உருகு உருகுறே?”

“இவன் ஊரையே சுடுவான். அவகிட்ட வந்தா மட்டும் குரல் இறங்கிடும். நம்ம வீடுகள்ல பாரு. ஊருக்கெல்லாம் சிரிச்ச முகம், தங்கமான மனுஷங்க. வாசப்படி தாண்டி உள்ள வந்ததும் வள்ளுன்னு விழுவாங்க. இவன் அதுக்கு நேர் தலைகீழ்.”

பாலிஷுக்குத் தன் கணவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தேய்ப்புச் சக்கரத்தை நிறுத்திவிட்டாள்.

“இன்னொண்ணு இருக்கு,” என்றாள் சின்னவள், கையிலிருந்த கடைவாய்ப் பல்லை மெழுகில் அழுத்தியபடியே. “அவ அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கூட எடுத்துக் கொடுத்திருக்க மாட்டா. அதுக்குள்ள அவளுக்காக மூணு பேரைக் கடல்ல போட்டிருப்பான். என்னை யாராவது ஒரு வேலையும் வாங்காம ஒரு நிமிஷம் பார்த்திருக்காங்களா, சொல்லு?”

“ஏன், முதலாளி பார்க்கிறாரே.”

“அவர் என்னையா பார்க்கிறார்? எனக்குப் பின்னாடி இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கிறார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அவளுடைய இருபத்தெட்டாவது வயதில் அப்பா படுக்கையில் விழுந்தார். பதினோரு வருடம் எழுந்திருக்கவில்லை. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவரைப் புரட்டியதும் துடைத்ததும் ஊட்டியதும் சின்னவள். அந்த வருடங்களில் வந்த வரன்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் போனது: அப்பாவை யார் பார்ப்பது? கேள்வி போலச் சொல்லப்பட்ட பதில். சொன்னவள் பெரியவள்.

பெரியவள் அவளுக்கு எட்டு வயது மூத்தவள். இளம் வயதிலேயே கணவனை இழந்து, இரண்டு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி சொல்லச் சொல்ல, உதட்டை லேசாக அசைத்து ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தட்டுவாள். ஒரு சொல் பிசகாது. தெருவில் அவளுக்குக் ‘கோர்ட்டம்மா’ என்று பெயர். அப்பாவைப் பார்க்க வந்தவர்கள், “வேலைக்கும் போய்க்கிட்டு அப்பாவையும் இப்படிப் பார்த்துக்கிறீங்களே கோர்ட்டம்மா” என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் சின்னவள் பின்பக்கம் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருப்பாள்.

நாவல் என்றாலே பெரியவளுக்கு ஆகாது. “கோர்ட்டுல தினம் நிஜ ரவுடியைப் பார்க்கிறவ நான். மூக்கு ஒழுகிட்டு நிப்பான். ஜாமீன் கிடைக்கலைன்னா அம்மான்னு அழுவான். நீ என்னடான்னா இந்தக் குப்பையைப் படிச்சுட்டு ராத்திரி சாப்பாட்டுல உப்பைக் கோட்டை விடுறே.” சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே தட்டச்சு ஆரம்பமாகும். வாக்குமூலம், ரகசியம், யாரும் உள்ளே வரக்கூடாது. சின்னவள் தேநீரை வாசலில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுவாள்.

அந்த வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசல் கதவின் பூட்டை அப்பா தன் கையாலேயே பொருத்தினார். ஆசாரிக்குக் கூலி கொடுக்க மனம் வராமல் பொருத்தியதில் பூட்டு தலைகீழாகப் போய்விட்டது. கதவும் கீலில் தொங்கிவிட்டது. அதனால் அதைத் திறக்க ஒரு முறை உண்டு. இடது கால் கட்டைவிரலைக் கதவின் அடியில் கொடுத்து லேசாகத் தூக்க வேண்டும். சாவியை மற்றவர்கள் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு தோளால் ஓர் இடி. வந்த விருந்தாளிகள் யாருக்கும் அது கைவந்ததில்லை. அம்மா சீக்கிரமே போய்விட்ட அந்த வீட்டின் மூவருக்கும் வேறு மாதிரி திறக்கவே வராது. கூடத்தின் மெழுகு அலமாரி அறையைத் திறக்கும்போதுகூடச் சின்னவளின் கட்டைவிரல் தானாகக் கதவடிக்குப் போகும். “உனக்கென்ன, கதவோட காலைத் தொட்டுக் கும்பிடுற பழக்கமா?” என்று பாலிஷ் கேலி செய்வாள்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதத்துக்கான முகவரி இருக்கும். ஒரு நாள் சின்னவள் அதற்கு எழுதினாள். அக்காவுக்குத் தெரிந்தால் வாயால் கிழிப்பாள் என்று பயந்து, பதில் முகவரியாகக் கூடத்தைக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் நீல உறையில் பதில் வந்தது. தட்டச்சு செய்த ஒரு பக்கம். ‘அன்புத் தோழிக்கு’ என்று தொடங்கி, கீழே ‘நீலத்தீ’ என்று முடிந்தது.

அன்று அவள் நிறுத்திய பற்களை அடுத்த நாள் பிரித்து மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது.

அப்படி மூன்று வருடம். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த நீலத் தாளுக்கு எழுதினாள். அப்பா இறந்த அன்று அழுகை வராமல், இனி காலையில் ஆறரை வரை தூங்கலாம் என்று முதலில் தோன்றியதை எழுதினாள். உருகும் மெழுகின் வாசனையில் தனக்கு வரும் நிம்மதியை எழுதினாள். ஆறு மாதம் கழித்து ஒரு நாவலில் கதாநாயகி, எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியை முகர்ந்துபார்த்து நிம்மதியடைந்தாள். சின்னவள் அந்தப் பக்கத்தைப் பாலிஷின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “பாருடி, நான் சொன்னது! எத்தனை ஆயிரம் பேர் எழுதுறாங்க, என்னோடதைத்தான் எடுத்திருக்காங்க.” தன்னை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கூடத்தில் நிஜமாகவே ஒரு டான் இருந்தார். ஆஸ்பத்திரிகளிலிருந்து அச்சு டப்பாக்களை எடுத்து வந்து, முடிந்த செட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியர்காரர். கறுப்பு மழைக்கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். கண்ணாடி, கண்ணில் புரை எடுத்ததால் டாக்டர் போடச் சொன்னது. கோட்டு, வேறு இல்லாததால். “டான் வந்துட்டாரு, எல்லாரும் பல்லைக் கையில பிடிச்சுக்குங்க” என்பாள் பாலிஷ். அவர் அதற்கும் சிரித்துவிட்டு, காலணியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கட்டிக் கொடுத்த ஊரில்.

சின்னவள் தன் செட்டைப் போட்டவர்கள் ஒருவரின் முகத்தையும் பார்த்ததில்லை. டப்பாவில் தாடை வரும், டப்பாவில் பல் போகும். அவ்வளவுதான் அவள் கண்ட உலகம். டான்தான் சேதி கொண்டுவருவார்.

“போன வாரம் நீங்க கட்டினீங்களே, கொஞ்சம் கோணலான கீழ்த்தாடை. ரிட்டயர்டு பேண்டு மாஸ்டர் அவர். மாட்டின உடனே என்ன பண்ணார்ங்கிறீங்க?”

“வலிக்குதுன்னாரா?”

“விசில் அடிச்சுப் பார்த்தார். நாலு வருஷமா வரலையாம். வந்துடுச்சு. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு. டாக்டர் தன்னைப் பாராட்டுறாங்கன்னு நினைச்சுக்கிட்டார். நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அது உங்க விசில்.”

இப்படி வாரத்துக்கு ஒரு முகத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

போன ஆகஸ்டில் ஒரு பிற்பகல், பாலிஷ் சாப்பிடப் போயிருந்த நேரம், டப்பாவை நீட்டியவர் கையை எடுக்கவில்லை. “எனக்குக் கிளையை மாத்துறாங்க. அடுத்த மாசக் கடைசியில வேற ஊர். நீங்களும் வர்றீங்களா?”

சின்னவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. “எதுக்கு?”

“எதுக்குன்னா... கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தான். நீங்க படிக்கிற புஸ்தகமெல்லாம் பார்த்திருக்கேன். எனக்கு யாரையும் மிரட்ட வராது. சமைக்க வரும். துணி துவைக்க வரும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் சேதி சொல்லச் சொல்லக் கேட்டுட்டு இருந்தாப் போதும்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். காது மடல் சுட்டது.

அக்காவிடம் கேட்கத் துணிவு வரவில்லை. நீலத்தீக்கு எழுதினாள். நான்கு பக்கம். விசிலைப் பற்றி, கழற்றி வைக்கும் காலணியைப் பற்றி, ‘நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்’ என்றதைப் பற்றி. கடைசியில், நான் போகட்டுமா என்று ஒரு வரி.

பதில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. ‘அன்புத் தோழிக்கு. கறுப்புக் கோட்டுகளை நம்பாதே என்று கறுப்புக் கோட்டுகளை எழுதும் நானே சொல்கிறேன். மனைவியை இழந்தவன் தேடுவது இன்னொரு ஜோடிக் கைகளை. ஒரு நோயாளியைப் பதினோரு வருடம் தூக்கியவள் நீ. அடுத்த நோயாளி தன் காலால் நடந்து வந்து அழைக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். மறுத்துவிடு. உன்னை வேலைக்காக அல்லாமல் உனக்காக நேசிப்பவள் உன் பக்கத்திலேயே இருக்கலாம்.’

எங்கே தொட்டால் அவளுக்கு வலிக்கும் என்று தெரிந்த விரல் எழுதியது. சின்னவள் மறுத்துவிட்டாள். டான் தலையை ஆட்டிக்கொண்டார், டப்பாக்களை எண்ணி எடுத்துக்கொண்டார், செப்டம்பர் கடைசியில் ஊர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவன் ஒரு சேதியும் சொல்லாதவன். டப்பாவை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

மே 4. மதியச் சாப்பாடு முடிந்து புது நாவலைப் பிரித்து, சின்னவள் பாலிஷுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை வெளிநாட்டு மாளிகை. பளிங்குப் படிகள். சிங்கத் தலை பொறித்த தங்கக் கைப்பிடி. கூட்டத் தலைவன் கதாநாயகியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

“‘அவன் இடது கால் கட்டைவிரலால் கதவின் அடியை லேசாகத் தூக்கினான். சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினான். தோளால் ஓர் இடி. மாளிகை திறந்தது.’”

பாலிஷ் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டாள். “என்னடி இது! தங்கக் கைப்பிடி போட்டவன் கீலுக்கு நாலு ஆணி அடிக்கக் கூடாதா?”

“அதை விடு, போன பக்கத்துல ஷூ போட்டிருந்தான். ஷூக்குள்ளேருந்து கட்டைவிரல் எப்படி வந்துச்சாம்?” சின்னவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. “அய்யோ, எங்க வீட்டுக் கதவு மாதிரியே...”

அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதவைப் பற்றி ஒரு கடிதத்திலும் எழுதவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதத் தோன்றியிருக்காது. அந்த வீட்டாருக்குக் கதவு என்றால் அப்படித்தான் திறக்கும். மூச்சு விடுவதை யாராவது கடிதத்தில் எழுதுவார்களா? எழுதியவளும் வேண்டுமென்று எழுதவில்லை. கதவு என்று வந்ததும் கால் தானாகப் போயிருக்கிறது. உலகத்தில் அந்தக் கால் மூன்று பேருக்குத்தான் உண்டு. ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருத்தி இங்கே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏய் மெழுகு, ஏன்டி முகம் இப்படி ஆயிடுச்சு?” என்றாள் பாலிஷ். சின்னவள் மெழுகு உருக்கும் விளக்கை அணைக்க மறந்து, கிண்ணம் கருகிய பிறகுதான் எழுந்தாள்.

மாலை வீட்டு வாசலில் நின்று கட்டைவிரலைக் கொடுத்தாள், திருப்பினாள், இடித்தாள். பெரியவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். சின்னவள் புத்தகத்தை விரித்து அவள் முன் வைத்து, விரலால் அந்த வரியைக் காட்டினாள். பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஒரு முறை, இன்னொரு முறை.

“ச்சே, ஷூவைக் கவனிக்காம விட்டுட்டேனே,” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. தேநீர் வைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

“எப்போலேருந்து தெரியும், அந்த லெட்டரெல்லாம் நான் எழுதினதுன்னு?” என்றாள் சின்னவள்.

“முதல் லெட்டர்லேருந்தே. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? உனக்கு எழுதப் பழக்கினதே நான்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னா நீ அப்புறம் எழுதியிருப்பியா? என்கிட்ட நீ என்ன பேசுறே? சோப்பு தீர்ந்துடுச்சு, கரண்ட் பில் வந்துடுச்சு. அப்பா செத்த அன்னைக்கு உனக்கு என்ன தோணுச்சுன்னு என்கிட்ட சொன்னியா? அவகிட்டதானே சொன்னே. எனக்கும் கேட்கணும்னு இருந்துச்சு.”

“கேட்டது போகட்டும். நான் ஒரு கேள்வி கேட்டேன். வாழ்க்கையிலேயே ஒரே ஒரு கேள்வி. அதுக்கு ஏன் அப்படி பதில் எழுதினே?”

பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எனக்குத் தோணினதை எழுதினேன். ஒரு அறிவுரை. அவ்வளவுதான். முடிவெடுத்தது நீ. அந்த ஆளுக்கும் நிஜமா ஆசை இருந்திருந்தா இன்னொரு தடவை வந்து கேட்டிருப்பான். கேட்டானா? இல்லையே.”

“நான் போயிட்டா உனக்குத் தேநீர் வைக்க ஆளில்லை. அதானே?”

“அப்படிப் பேசாதடி. நீயும் போயிட்டா இந்த வீட்டுல நானும் டைப் மெஷினும்தான் மிச்சம். யோசிச்சுப் பார்த்தியா?”

“நான் ஏன் யோசிக்கணும்? நீ என்னைக் கேட்டிருக்கணும். போகாதடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒருவேளை இருந்திருப்பேன். உன் புஸ்தகத்துல வர்றவன் அயோக்கியன்தான், கொலைகாரன்தான். ஆனா அவன் கதவைப் பூட்டினா, பூட்டிட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் பூட்டுவான். நீ பூட்டினதே எனக்குத் தெரியலையே அக்கா.”

பெரியவளின் உதடு மட்டும் லேசாக ஒரு முறை அசைந்தது. அழப் போகிறாள் என்று சின்னவள் நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, முதலாளியிடம் எண் வாங்கி, சின்னவள் டானுக்குப் போன் செய்தாள். பாலிஷ் சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

“அட, நீங்களா! நல்லா இருக்கீங்களா? பல்லெல்லாம் ஒழுங்கா நிக்குதா?”

“நிக்குது. நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் சொன்ன பதில் என்னோட பதில் இல்லை.”

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கி வந்தது. “இதைச் சொல்லத்தான் போன் பண்ணீங்களா? நான்தான் உங்க வீட்டுக்கே வந்தேனே. கிளம்புறதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை. உங்க அக்கா சொல்லலையா?”

“வீட்டுக்கா?”

“வாசல்ல நின்னேன். நீங்க வெளியில போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. திரும்பி ரோட்டுக்கு வந்து பார்த்தா, நீங்க மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கீங்க. வாயில ரெண்டு கிளிப்பு. கூப்பிடலாமான்னு பார்த்தேன். அப்புறம், பார்க்க இஷ்டமில்லாமத்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க, நம்ம மறுபடி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வந்துட்டேன்.”

சின்னவளுக்கு அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. படுக்கை விரிப்புகள் துவைத்த நாள். காற்று பலமாக இருந்தது. கிளிப் போதாமல் கீழே வந்து எடுத்துக்கொண்டு போனாள். யார் வந்தது என்று கேட்டதற்கு, தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் என்று பெரியவள் சொன்னாள். மீட்டர் என்ன காட்டியது என்றுகூடச் சொன்னாள்.

“இப்பவும்...” என்று தொடங்கிய சின்னவள் நிறுத்திக்கொண்டாள்.

“பிப்ரவரியில எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா. மகதான் பார்த்து முடிச்சா. நல்ல மனுஷி. காது கொஞ்சம் கேட்காது. நான் சொல்ற சேதியெல்லாம் பாதிதான் போய்ச் சேருது.” சிரிக்கப் பார்த்தார். “அந்த பேண்டு மாஸ்டர் எப்படி இருக்கார்?”

“தெரியலை. யாரும் வந்து சொல்றதில்லை.”

வைத்துவிடட்டுமா என்று அவர் கேட்டார். சரி என்றாள்.

அன்று மாலை வீட்டில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்த ஞாயித்துக்கிழமை மீட்டர் எவ்வளவு காட்டுச்சு அக்கா?” பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள், தலை குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இல்லை. நகல் எடுக்கும் கடைக்கு மேலே, கூடத்துக்குப் பக்கத்தில், சின்னவள் ஓர் அறை பார்த்துக்கொண்டாள்.

கிளம்புகிற நாளில்தான், மே 29, தச்சரை வரவழைத்தாள். அவர் கதவைக் கழற்றி, அடியைச் சீவி, புதுக் கீல் போட்டு, புதுப் பூட்டை நேராகப் பொருத்தினார். “இத்தனை வருஷம் எப்படிம்மா இதைத் திறந்தீங்க?” என்று தலையிலடித்துக்கொண்டார். 1,450. சின்னவள் தன் பணத்திலிருந்து கொடுத்தாள். புதுச் சாவிகளில் ஒன்றைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிகளை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு விரல் தள்ளியதற்கே சாத்திக்கொண்டது. தெருவில் நின்றிருந்த கோர்ட்டம்மாவின் ரசிகர்கள், “அக்காவைத் தனியா விட்டுட்டுப் போறியே, உனக்கு மனசு வருதா?” என்றார்கள். நீலத்தீ யாரென்று அவள் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூனிலிருந்து கூடத்துக்கு நீல உறைகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். நாவல் படிப்பதை மட்டும் விடவில்லை. வேறு எழுத்தாளர்களுக்கு மாறிக்கொண்டாள். “இன்னுமா இந்த டான்களை நம்புறே?” என்றாள் பாலிஷ். “இவங்க யாரும் என்னை ஏமாத்தலையே. அவனுங்க அயோக்கியனுங்கன்னு முதல் பக்கத்துலயே போட்டுடுறாங்க,” என்றாள் சின்னவள்.

நவம்பரில் ஒரு காலை, பாலிஷ் வேலைக்கு வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து மறைத்தாள். மறைக்கத் தெரியாதவள். சின்னவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நீலத்தீயின் புதிய நாவல். கறுப்புக் கோட்டு, பாதி முகம். நான்காம் பதிப்பு என்று ஓரத்தில் சிவப்பில் போட்டிருந்தது. வந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

பின் அட்டையைத் திருப்பினாள். கறுப்பில் வெள்ளை எழுத்து, கொட்டை கொட்டையாக:

‘அவன் கதவைப் பூட்டினா, பூட்டிட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் பூட்டுவான். நீ பூட்டினதே எனக்குத் தெரியலையே அக்கா.’

ஒரு சொல் பிசகவில்லை. அன்று மாலை லேசாக அசைந்த அந்த உதட்டைச் சின்னவள் இப்போது சரியாகப் புரிந்துகொண்டாள்.

“பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்த பொண்ணு இந்த வரியைப் படிச்சுட்டு அழுதுச்சுடி,” என்றாள் பாலிஷ் மெல்ல. “உங்க அக்காகிட்ட பேசினேன்னு சொன்னியே, அதே வரி. உன்னோடதுன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“சொல்லாதே. நான் அதை அக்காகிட்டதான் சொன்னேன்.”

புத்தகத்தைப் பாலிஷின் மேசையில் வைத்துவிட்டு மெழுகு விளக்கை ஏற்றினாள். பற்றவைக்க மூன்று குச்சி ஆயிற்று.

அதன் பிறகு ஒரே ஒரு உறை வந்தது. இந்த முறை வெள்ளை. முகவரி தட்டச்சில் இல்லை, கையால் எழுதியிருந்தது. சின்னவளுக்கு எழுதப் பழக்கிய அதே கையெழுத்து. அனுப்புநர் இடத்தில் ‘அக்கா’ என்று மட்டும் இருந்தது. தபால்காரர் தயங்கி நின்றார். “இதுவும் திருப்பித்தானாம்மா?” சின்னவள் உறையை வாங்கி, ஒரு முறை எடை பார்ப்பது போலக் கையில் வைத்திருந்தாள். கனமான கடிதம். பல பக்கம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பதில் எழுதினால் அந்தப் பதில் எந்தப் பின் அட்டையில் போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரியும்.

“இதுவும்தான்,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குமேல் கடிதம் ஏதும் வரவில்லை. அந்த உறை வந்த தேதி டிசம்பர் 9.